செப்பும் சுவரொட்டியும்: பழைய கண்கட்டு வித்தைப் பொருள்களைச் சேகரித்தல்

கண்கட்டு வித்தையின் பழம்பொருள்களைச் சேகரிப்போர் வித்தைக் கருவிகளையும், வித்தை நூல்களையும் சஞ்சிகைகளையும், சுவரொட்டி, துண்டுப்பிரசுரம், நுழைவுச்சீட்டு போன்ற அச்சுத் தாள்களையும், வித்தைக்காரரின் உடை, கடிதம், ஒளிப்படம் முதலிய உடைமைகளையும் தேடுகின்றனர். இவற்றுள் எவரும் எளிதில் இனங்காணக்கூடியது சுவரொட்டி. எளிதில் தவறவிடப்படுவது கருவி. நல்ல கருவி சாதாரண வீட்டுப் பொருளாகத் தோன்றும்படியே செய்யப்படுகிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இச்சேகரிப்பு நூலகங்களும் ஏல நிறுவனங்களும் விரிவான அட்டவணைகளும் கொண்ட தனித்துறையாக வளர்ந்துவிட்டது. தமிழ் வழங்கும் நிலத்தில் செப்படி வித்தை தலைமுறை தலைமுறையாகத் தெருவில் நடந்தும், அதன் பொருள்கள் அப்படித் திரட்டப்படவில்லை. அதன் காரணமும், எஞ்சியவை எங்கே எந்த வடிவில் இருக்கின்றன என்பதும் ஆராயத்தக்கவை.

மேற்குலகச் சேகரிப்பாளர்கள் தங்கள் துறையின் தொடக்கமாக 1584 ஆம் ஆண்டைக் கொள்வர். அவ்வாண்டில் இலண்டனில் ரெஜினால்ட் ஸ்கொட்டின் சூனியம் பற்றிய ஆங்கில நூலும், பிரான்சின் லியோன் நகரில் பிரெவோ என்பவரின் வித்தை நூலும் வெளிவந்தன. ஸ்கொட்டின் நோக்கம் வித்தை கற்பிப்பதன்று. சூனியக்காரர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டு மாண்டவர்கள் மீதான பழி பொய்யென்று காட்டவே, கைத்தந்திரங்கள் எவ்வாறு செய்யப்படுகின்றன என்பதை அவர் விளக்கினார். முதலாம் யேம்ஸ் மன்னர் அந்நூலின் படிகளை எரிக்கச் சொன்னார் என்ற கதை விற்பனை அட்டவணைகளில் இன்றும் வருகிறது. அக்கால இங்கிலாந்தில் அதற்குத் திடமான சான்று கிடையாது; ஆனால் கதை விலையை ஏற்றுகிறது. 1876 இல் வெளிவந்த பேராசிரியர் ஹொஃப்மனின் ‘மொடேர்ன் மஜிக்’ மேடை வித்தையின் நுட்பங்களை விரிவாக அச்சில் தந்தது. பல பதிப்புகள் கண்டதால் அது இன்றும் தொடக்கநிலைச் சேகரிப்பாளருக்கு எட்டும் நூலாக உள்ளது.

சேகரிப்பைப் பெரிய அளவுக்குக் கொண்டு சென்றவர் ஹரி ஹூடினி. கைவிலங்குகளிலிருந்து விடுபடும் வித்தைக்காகப் பெயர் பெற்ற அவர், போன ஊர்களிலெல்லாம் பழைய நூல்களும் விளம்பரத் தாள்களும் வாங்கினார். 1926 இல் அவர் இறந்தபின், 1927 இல் 3,988 நூல்கள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தைச் சேர்ந்தன. அவர் சேகரித்தது அலமாரியை நிரப்புவதற்கு மட்டுமன்று. தாம் ஒரு காலத்தில் வழிபட்ட பிரெஞ்சு வித்தைக்காரர் ரொபேர்-ஹூடனின் புகழைத் தகர்க்கவும் அச்சேகரிப்பு பயன்பட்டது. 1908 இல் எழுதிய நூலில், ரொபேர்-ஹூடன் தம்முடையவையாகக் கூறிய வித்தைகள் பழையவை என்பதைப் பழைய துண்டுப்பிரசுரங்களைக் கொண்டே அவர் வாதிட்டார். தீர்ப்பில் கடுமை மிகுதி. ஆயினும் ஒரு வித்தையின் வரலாற்றைத் தாள்களைக் கொண்டு எழுதலாம் என்பதை அந்நூல் காட்டியது.

இங்கிலாந்தில் சேகரிப்பாளர் ஹரி பிரைஸின் நூல்தொகுதி இலண்டன் பல்கலைக்கழகத்தில் உள்ளது. அமெரிக்கரான ஜோன் மல்ஹொலண்டின் தொகுதியை 1991 இல் மேடை வித்தைக்காரர் டேவிட் கொப்பர்ஃபீல்ட் 22 இலட்சம் டொலருக்கு வாங்கினார். லொஸ் வேகாஸ் நகரில் அவர் வைத்திருக்கும் அருங்காட்சியகம் பொதுமக்களுக்கு வழக்கமாகத் திறக்கப்படுவதில்லை. பிரான்சின் புளுவா நகரில் ரொபேர்-ஹூடன் நினைவாக 1998 இல் திறக்கப்பட்ட வித்தை மாளிகையை எவரும் பார்க்கலாம். சேகரிப்பாளருக்கு இவற்றைவிடப் பயன் தருபவை நூற்பட்டியல்கள். டூல் ஸ்டொட் 1581 முதல் 1876 வரையான ஆங்கில வித்தை நூல்களை இரண்டு தொகுதிகளில் பட்டியலிட்டுள்ளார். இத்தகைய பட்டியல் உள்ள இடத்தில்தான் ஒரு நூல் அரியதா, வெறுமனே பழையதா என்று சொல்ல முடியும். தமிழ் வித்தை நூல்களைச் சேகரிப்பவருக்கு முதலில் தேவைப்படுவதும் இதுவே.

ஹூடினியின் வாதங்களுள் ஒன்று தமிழ் நிலத்தைத் தொடுகிறது. ரொபேர்-ஹூடன் 1847 இல் தம் மகனை அந்தரத்தில் கிடத்திக் காட்டிப் பெயர் பெற்றார். அதற்கு முன்பே சென்னையில் சேஷால் என்ற பெயரில் ஆங்கிலேயர் குறித்த முதியவர் ஒருவர் அந்தரத்தில் அமர்ந்து காட்டியிருந்தார். உதவியாளர்கள் போர்வையொன்றைச் சுற்றிப் பிடிப்பர். அது விலகும்போது அவர் சம்மணமிட்டு நிலத்துக்கு மேல் இருப்பார். ஒரு கை மட்டும் தோலால் மூடிய கட்டையின் மேல் படிந்திருக்கும். கட்டையைத் தாங்கும் மூங்கில் சிறிய பீடத்தில் செருகப்பட்டிருக்கும். மூங்கிலுக்குள் இரும்புத் தண்டு, அதிலிருந்து கட்டை வழியாகச் சட்டைக் கைக்குள் சென்று உடலைத் தாங்கும் மறைவான சட்டகம் என்பதே பிற்காலத்தவர் தந்த விளக்கம். 1832 இல் இலண்டன் ‘சற்றர்டே மகஸீன்’ இதைப் படத்துடன் வெளியிட்டது. கருவியை எந்தச் சேகரிப்பிலும் காட்ட முடியவில்லை. சேகரிப்பாளர் வாங்கக்கூடியது அந்தச் சஞ்சிகைத் தாளை மட்டுமே.

இன்னொருவர் ராமோ சாமி என்று இலண்டன் விளம்பரங்கள் அச்சிட்ட வித்தைக்காரர். இராமசாமி என்ற பெயரின் திரிபு அது. 1810களில் இங்கிலாந்து சென்ற இந்திய வித்தைக்குழுவின் காலத்திலிருந்து 1850 இல் இறக்கும்வரை, வாள் விழுங்குதல், குண்டு சுழற்றுதல், மணிகளையும் குதிரைமயிரையும் தனித்தனியே விழுங்கிக் கோத்த மாலையாக வெளியே எடுத்தல் ஆகியவற்றைச் செய்தார். வில்லியம் ஹாஸ்லிட் 1821 இல் இந்திய வித்தைக்காரர்களைப் பற்றி எழுதிய கட்டுரை ஆங்கில உரைநடையில் நிலைத்துவிட்டது. இராமசாமியோ வறுமையில் இறந்தார்; அடக்கச் செலவுக்கு அவர் மனைவி பத்திரிகை வழியாக உதவி கேட்க நேர்ந்தது. மணி கோக்கும் வித்தை ஊசியும் நூலுமாக மாறி, ஹூடினியின் மேடையில் ‘கிழக்கிந்திய ஊசி வித்தை’ என்ற பெயருடன் நடந்தது. ஹூடினியின் பெயர் பொறித்த தாளுக்கு ஏலத்தில் போட்டி எழுகிறது. இராமசாமியின் பெயர் வரும் நாடகசாலை விளம்பரங்களைக் கவனித்துத் தேடுவோர் சிலரே. புதிதாகச் சேகரிக்கத் தொடங்குபவருக்கு இந்த ஏற்றத்தாழ்வு ஒருவகையில் வாய்ப்பு.

தென்னிந்திய வித்தைக்காரரின் கருவிகள் நிலைக்காமல் போனதற்குக் காரணங்கள் தெளிவானவை. வித்தை பிறப்புவழித் தொழில். தந்தையின் பை மகனுக்குப் போய், தேயும்வரை பயன்பட்டது. கூடை வித்தைக்கு வேண்டியது பிரம்புக் கூடையும் ஒரு துணியும். மாங்கன்று வித்தைக்குச் சிறு பந்தல்துணி, மண், மாவிலைக் கொத்து. உடைந்த பித்தளை நிறைக்கு விற்கப்பட்டது. வித்தைக்காரரைக் கலைஞராகக் கருதாத சமூகம் அவர் பையைப் பேணவேண்டிய பொருளாகக் கருதியிருக்க வழியில்லை.

கருவிகளுள் முதலிடம், பந்தை மறைத்துக் காட்டும் கிண்ணமான செப்புக்கு உரியது. மேடை வித்தையில் வழங்கும் மேற்கத்தியக் கிண்ணங்கள் உயரமானவை, ஒன்றுள் ஒன்று அடுக்கக்கூடியவை. இந்தியச் செப்பு தாழ்ந்து அகன்றது, தலையில் குமிழ் உடையது. நிலத்தில் குந்தியிருந்து குமிழை இரு விரல்களுக்கிடையில் பிடித்துத் தூக்குவதற்கேற்ற வடிவம் அது; உள்ளங்கையில் பந்தை ஒளிப்பதும் அந்தப் பிடியாலேயே எளிதாகிறது. மரத்திலும் பித்தளையிலும் செப்புகள் செய்யப்பட்டன. கேரளத்தில் வாழக்குன்னம் நம்பூதிரி இருபதாம் நூற்றாண்டில் செப்பும் பந்தும் வித்தையை அரங்குகளுக்குக் கொண்டு சென்று மரியாதை தேடித் தந்தார். அவர் வழிவந்த ஆர்வம் இன்று திருவனந்தபுரத்தில் 2014 இல் திறக்கப்பட்ட ‘மஜிக் பிளானட்’ வரை நீள்கிறது. தமிழ்நாட்டில் இதற்கு இணையான நிறுவனம் அமையவில்லை.

இரண்டாவது கருவி வற்றாச் செம்பு. கவிழ்த்து முழுவதும் ஊற்றிய செம்பிலிருந்து மீண்டும் மீண்டும் தண்ணீர் வரும். உள்ளே இரண்டாவது சுவர்; அதற்கும் வெளிச்சுவருக்கும் இடையில் நீர்; மேலே விரலால் மூடித்திறக்கும் நுண்துளை. துளை மூடியிருக்கும்வரை காற்று புகாது, நீரும் வராது. இருபதாம் நூற்றாண்டு மேடை வித்தைக்காரர் பி.சி. சர்க்கார் தம் நிகழ்ச்சியின் இடையிடையே இதைச் செய்து ‘இந்திய நீர்’ என்று அறிவிப்பார். பழம்பொருள் தேடுவோர் இதில் கவனிக்கவேண்டியது அந்தத் துளையையே. விளிம்பருகே காரணமில்லாமல் ஒரு துளை, உயரத்துக்குப் பொருந்தாத கொள்ளளவு, வெறுமையாக இருக்கும்போதும் தெரியும் கூடுதல் நிறை ஆகிய மூன்றும் சேர்ந்தால் அது வித்தைச் செம்பாக இருக்கலாம். அருங்காட்சியகங்களில் ‘செம்பு, பித்தளை’ என்று மட்டும் பதியப்பட்டவற்றுள் இத்தகையவை இருக்கக்கூடும். பதிந்தவர் அவற்றில் நீர் ஊற்றிப் பார்த்திருக்கமாட்டார். இரகசியம் தெரியாதவரால் கருவியை இனங்காண முடியாது என்பது இச்சேகரிப்புக்கே உரிய சிக்கல். 1905 இல் தொடங்கிய இலண்டன் மஜிக் வட்டம் இரகசியங் காப்பதையே குறிமொழியாகக் கொண்டது. ஆனால் இரகசியத்தைக் குறித்து வைக்காத சேகரிப்பு, வைத்திருந்தவர் மறைந்ததும் பித்தளைக் குவியலாகிவிடும்.

ஏல அட்டவணைகளில் ‘இந்து’, ‘இந்திய’, ‘கீழைத்தேய’ என்ற அடைமொழியுடன் வரும் பொருள்களில் பெரும்பாலானவை இலண்டன், ஹம்பர்க், நியூயோர்க் பட்டறைகளில் செய்யப்பட்டவை. அவற்றுக்கும் மதிப்புண்டு, அது ஐரோப்பியக் கற்பனையின் வரலாற்றுக்குரிய மதிப்பு. இக்கற்பனையின் உச்சம் இந்தியக் கயிற்று வித்தை. 1890 இல் சிக்காகோ நாளிதழ் ஒன்று தன் விற்பனைக்காக வெளியிட்ட கட்டுக்கதை அது. நான்கு மாதங்களில் அவ்விதழே அது பொய்யென ஒப்புக்கொண்டும் உலகம் நம்புவதை விடவில்லை. வானவெளியில் கயிறு நிற்க, அதில் சிறுவன் ஏறி மறையும் அந்த வித்தையைச் சொல்லப்பட்டபடி எவரும் செய்து காட்டியதில்லை. ஆனால் அதன் பெயரில் மேடை வித்தைக்காரர் ஹொவார்ட் தேர்ஸ்டன் 1920களில் அச்சிட்ட வண்ணச் சுவரொட்டி சேகரிப்பாளர் விரும்பி வாங்கும் பொருள். நடக்காத வித்தைக்கு இவ்வளவு நல்ல சான்று வேறெங்கும் கிடையாது.

உண்மையான தெரு வித்தைக்குச் சான்றாக நிற்பவை படங்கள். தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி ஓவியர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயருக்காகத் தொழில்வாரியாக மனிதர்களை வரைந்தனர். அப்ரகத் தகடுகளில் தீட்டிய அவ்வகைப் படங்களிலும் கழைக்கூத்தாடி, பாம்பாட்டி, வித்தைக்காரர் வருவர். ஒரு தொகுதியின் படங்கள் பிரிக்கப்பட்டுத் தனித்தனியே விற்கப்படுவதால் தலைப்பும் வரிசையும் தொலைந்துபோகின்றன. அப்ரகம் ஏடு ஏடாக உரியும். அதை அழுத்தித் துடைக்கலாகாது.

அடுத்தது தபாலட்டை. 1890 இல் கொழும்பில் தொடங்கிய பிளாற்றே நிறுவனம் இலங்கைக் காட்சிகளை அட்டைகளாக அச்சிட்டது. சென்னையில் வீல், கிளைன் நிழற்படக்கூடம் அவ்வாறே செய்தது. ஐரோப்பாவிலிருந்து கிழக்கே செல்லும் கப்பல்கள் கொழும்பில் நிலக்கரி ஏற்றிய காலத்தில், விடுதித் தாழ்வாரத்தில் மாங்கன்று முளைக்கச் செய்வோரும் பாம்பாட்டிகளும் பயணிகளின் வழக்கமான வேடிக்கையாக இருந்தனர். பயணநூல்கள் பலவற்றில் இக்காட்சி வருகிறது. அட்டையின் தலைப்பை நம்பக்கூடாது. பாம்புக்கூடை தெரிந்தால் அச்சிட்டவர் ‘பாம்பாட்டி’ என்று எழுதிவிடுவார். படத்தின் மூலையில் மூன்று செப்புகளோ கவிழ்த்த கூடையோ இருப்பதைக் கண்ணாடி வைத்துப் பார்க்கவேண்டும். இத்தகைய அட்டைகளுள் பல இன்றும் மலிவாகவே கிடைக்கின்றன.

தமிழில் அச்சான வித்தை நூல்கள் வேறு வகையான சிக்கலைத் தருகின்றன. புலிப்பாணி பெயரில் வழங்கும் ‘ஜாலத்திரட்டு’ போன்ற செய்யுள் நூல்களில் மூலிகைக் குறிப்பு, மந்திரம், கண்கட்டு ஆகிய மூன்றும் கலந்து கிடக்கும். கைபொசுங்காமல் நெருப்பைத் தொடுவதற்கான பூச்சும் பேயோட்டும் முறையும் அடுத்தடுத்து வரும். ஐரோப்பிய அட்டவணையில் இவற்றை வைத்தால் வித்தை நூலா, மாந்திரீக நூலா என்ற கேள்வி எழும். தமிழ்ச் சேகரிப்பில் இரண்டையும் ஒரே அலமாரியில் வைப்பதே பொருத்தம். சந்தைகளிலும் கோயில் வாசல்களிலும் விற்ற மலிவுப் பதிப்புகள் பலவற்றில் ஆண்டு இராது. காலங்கணிக்க வேறு தடயங்கள் உள்ளன. விலை அணாவில் இருந்தால் அது இந்தியாவில் 1957 இன் தசம நாணய மாற்றத்துக்கு முற்பட்டதாகப் பெரும்பாலும் இருக்கும். இலங்கை 1872 முதல் சதத்தில் கணக்கிட்டது. முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 க்குப் பிந்தியது. பழைய லை, ணை, றா, னா வடிவங்கள் தமிழ்நாட்டில் 1978 இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியதைக் காட்டும். இலங்கை அச்சகங்கள் அவ்வடிவங்களைப் பின்னரும் சிலகாலம் பயன்படுத்தியதால், கொழும்பு, யாழ்ப்பாணப் பதிப்புகளுக்கு இவ்விதி தனியே போதாது.

இருபதாம் நூற்றாண்டுப் பொருள்களுள் சர்க்காருடையவை அதிகம். 1913 இல் இன்றைய வங்காளதேசத்தின் டாங்காயிலில் பிறந்த அவர் மகாராசா உடையும் ‘இந்திரஜால்’ என்ற பெயரும் கொண்டு உலகைச் சுற்றினார். 1956 ஏப்ரலில் பிபிசி தொலைக்காட்சியில் பெண்ணை இரண்டாக அறுக்கும் காட்சி முடிந்தவுடன் நிகழ்ச்சி நேரம் முடிந்துவிட, அவள் இறந்துவிட்டாள் என்று எண்ணியவர்களின் தொலைபேசி அழைப்புகள் குவிந்தன. அடுத்த நாள் இதழ்களே இன்று சேகரிப்புப் பொருள். 1971 இல் யப்பானில் சுற்றுப்பயணத்தின்போது அவர் இறந்தார்; 2010 இல் இந்திய அஞ்சல்துறை முத்திரை வெளியிட்டது. விளம்பரத்தில் அவருக்கிருந்த ஈடுபாட்டால் அவருடைய தாள்கள் இன்றும் பொறுமையுடன் தேடினால் அகப்படும். தமிழ் வாசகர் விட்டுவிடக்கூடாத இன்னொரு வகை, 1972 இல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸ் வெளியிட்ட மாண்ட்ரேக் கதைகள். உயர்ந்த தொப்பியும் கறுப்பு அங்கியும் அணிந்த மேடை வித்தைக்காரரின் உருவத்தைப் பல ஊர்ச் சிறுவர்களுக்குக் கொண்டு சேர்த்தவை அவை.

யாழ்ப்பாணத் தீவகத்தில் தேடுவோருக்கு வேறொரு வரலாறு தடையாக நிற்கிறது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 இல் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. 1990 ஐ ஒட்டிய போர் நடவடிக்கைகளில் மண்கும்பான், அல்லைப்பிட்டி, வேலணை உள்ளிட்ட ஊர்களின் மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினர். கையில் எடுத்துச் செல்லப்பட்டவை உறுதியும் நகையும் பிறப்புச் சான்றிதழும். கோயில் திருவிழாவிலோ பாடசாலை மண்டபத்திலோ நடந்த மஜிக் நிகழ்ச்சியின் துண்டுப்பிரசுரத்தை யாரும் எடுத்துப்போக மாட்டார்கள். தீவகத்தார் பலர் தென்னிலங்கை நகரங்களில் கடை நடத்தியவர்கள். ஆகவே அவர்களுடைய பழைய பெட்டகங்களில் கொழும்பு அரங்குகளின் நுழைவுச்சீட்டோ விளம்பரமோ இருந்திருக்கக்கூடியது இயல்பு. வெளியேறிய குடும்பங்களின் பெட்டிகள் ரொறன்ரோவிலும் பாரிசிலும் இலண்டனிலும் இருப்பதால், தேடலும் அங்கே செல்லவேண்டும்.

தாளாகக் கிடைக்காதவற்றைப் பத்திரிகையில் தேடலாம். 1930 இல் தொடங்கிய ஈழகேசரி, வீரகேசரி, 1959 இல் தொடங்கிய ஈழநாடு ஆகியவற்றின் விளம்பரப் பக்கங்கள் சர்க்கஸ், நாடகம், மஜிக் காட்சிகளுக்கு முதன்மையான ஆதாரம். 2005 முதல் இயங்கும் நூலகம் எண்ணிம நூலகம் பழைய இதழ்களைப் படமாக்கி வருகிறது. ‘ஆவண ஞானி’ எனப்பட்ட குரும்பசிட்டி இரா. கனகரத்தினம் செய்தித்தாள் நறுக்குகளைத் துறைவாரியாகத் திரட்டியவர். தமிழ்நாட்டில் கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் தொழிலில் இருந்துகொண்டு, பிறர் எறிந்த நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும் சேர்த்து வைத்தார். அத்தொகுதியே 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக உள்ளது. இருவரும் வித்தைப் பொருளைத் தேடியவர்களல்லர். ஆனால் அற்பத் தாளைக் கழிக்காமல் வைத்த அவர்களுடைய முறையே இத்துறைக்கு வேண்டியது. அழகான ஒரு சுவரொட்டிக்குச் செலவிடும் பணத்தில் நூறு நோட்டீசுகளைக் காப்பாற்றலாம். தமிழ் வித்தையின் வரலாறு அந்த நோட்டீசுகளிலிருந்தே எழுதப்படும்.

வெளிச்சந்தையில் வாங்குவோர் போலிகளை எதிர்பார்க்கவேண்டும். பழைய கல்லச்சுச் சுவரொட்டியின் நிறம் உருப்பெருக்கியின் கீழ் ஒழுங்கற்ற மணல்போலத் தெரியும். ஒழுங்கான புள்ளிவரிசை தெரிந்தால் அது பிற்கால ஓப்செற் மறுபதிப்பு. புறஊதாக்கதிர் விளக்கில் நீலவெண்மையாக ஒளிரும் தாள் பெரும்பாலும் 1950 க்குப் பிந்தியது. ஹம்பர்க்கின் ஃப்ரீட்லேண்டர் அச்சகச் சுவரொட்டிகளில் வரிசை எண் இருக்கும். அதை அட்டவணையுடன் ஒப்பிடலாம். ஹூடினியின் கையெழுத்தும் கைவிலங்கும் அளவுக்கு மிஞ்சி விற்கப்படுகின்றன. உரிமைத்தொடர் காட்டாதவற்றை விட்டுவிடுவதே நல்லது. பித்தளைச் செப்பின் பழமையைப் பச்சைக் களிம்பு காட்டாது. அதை அமிலத்தால் ஓரிரு நாளில் உண்டாக்கலாம். விரல் படும் குமிழிலும் நிலத்தில் உரசும் விளிம்பிலும் உள்ள தேய்வைப் போலியாக்குவது கடினம்.

மண்கும்பான் போன்ற கடலோர மணல்நிலத்தில் பேணுவது தனிப் பிரச்சினை. உப்புக்காற்று இரும்பையும் பித்தளையையும் அரிக்கும்; நுண்மணல் துணியால் துடைக்கும்போது மெருகைக் கீறும்; மாரியின் ஈரத்தில் தாள் பூஞ்சணம் பிடிக்கும். கறையானுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் நிலத்திலிருந்து உயர்த்திய, சுவரோடு ஒட்டாத அலமாரி வேண்டும். வசம்பும் நொச்சியிலையும் சுவடிகளுக்குப் பயன்பட்ட பழைய காப்பு. அவற்றைத் துணியில் முடிந்து வைக்கலாம், தாளின்மேல் நேரடியாகப் பரப்பக்கூடாது. பழைய நோட்டீசை லமினேற் செய்வது பரவலான வழக்கமாகிவிட்டது. அப்படிச் செய்த தாளைப் பின்னர் மீட்க முடியாது, ஏல மதிப்பும் போய்விடும். ஒட்டுநாடாவும் அவ்வாறே. பித்தளையைப் புளி போட்டு விளக்கினால் தேய்வுத் தடயமும் போய்விடும் என்பதால், உலர்ந்த தூரிகையால் தூசி தட்டுவதோடு நிறுத்தவேண்டும். அமிலமற்ற உறையில் வைத்து, கிடைத்த இடம், தந்தவர் சொன்ன செய்தி, வித்தை செய்யப்படும் முறை ஆகியவற்றை வேறொரு தாளில் எழுதி உடன் வைப்பது, பொருளைப் பேணுவதற்குச் சமமான வேலை.

எல்லை கடத்துவதற்கும் சட்டம் உண்டு. இந்தியாவில் 1972 இன் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த கலைப்பொருளும் கைவினைப் பொருளும், 75 ஆண்டு கடந்த முக்கியக் கையெழுத்துப் பிரதியும் தொல்பொருளாகும். தனியார் அவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்ல முடியாது. இலங்கையில் 1988 ஆம் ஆண்டின் 73 ஆம் இலக்கப் பண்பாட்டுச் சொத்துச் சட்டம் ஏற்றுமதிக்கு அனுமதிப்பத்திரம் கேட்கிறது. பழைய ஏட்டுச்சுவடியோ செப்போ வெளிநாட்டு உறவினருக்கு அனுப்பப்படுமுன் அது எச்சட்டத்துக்குள் வரும் என்பதை விசாரித்துக்கொள்ளவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு இலண்டன் விளம்பரத் தாளை அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு வரவழைப்பது இதனிலும் எளிது.